ஆறுதலா வரச் சொன்னாங்க

ஊட்டி பஜாரில் ஸ்வெட்டர் கடை வைத்திருப்பவளுக்கு வியாபாரம் பாதி, வழி சொல்வது பாதி. குளிரில் உதறிக்கொண்டு உள்ளே வருகிறவர்கள் ஒரு குல்லாயை எடுத்துத் தலையில் வைத்துக் கண்ணாடி பார்த்தபடியே கேட்பார்கள். வரையாடு எங்கே பார்க்கலாம், முக்கூர்த்திப் பூங்காவுக்கு எப்படிப் போவது, ராத்திரி தங்க விடுவார்களா, புலி வருமா. நானும் சளைக்காமல் சொல்வேன். எமரால்டு வழியாகப் போங்கள், அனுமதி வாங்காமல் போகாதீர்கள், அட்டை ஏறும், கையோடு உப்பு வைத்துக்கொள்ளுங்கள். ஏதோ வாரா வாரம் போய் வருகிறவள் மாதிரி. உண்மையில் ஐம்பது வயது வரை நான் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. நான் சொன்னதெல்லாம் முன்னால் போன வாடிக்கையாளர்கள் திரும்பி வந்து என்னிடம் சொன்னதுதான்.

கடை என் அத்தாவுடையது. அத்தா என்றால் எங்கள் வீட்டில் அப்பா. கடைக்கு மேலே வீடு. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு அவர் கட்டிலோடு ஆகிவிட்டார். தம்பி கோயமுத்தூரில் இருக்கிறான், வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் தவறாமல் போன் செய்து என்ன செய்ய வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுப்பான். எனக்குக் கல்யாணம் ஒன்று நடந்தது, நிலைக்கவில்லை, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஆக, மாடியிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து மாடிக்கு. கூண்டுக்கிளி என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். கிளிக்காவது யாராவது பழம் நறுக்கிக் கொடுப்பார்கள்.

அத்தா வாயால் கூப்பிட மாட்டார். விரலில் ஒரு வெள்ளி மோதிரம் உண்டு, அதால் இரும்புக் கட்டிலின் கம்பியைத் தட்டுவார். டக், டக். கீழே கடையில் ஆள் நிறைந்திருந்தாலும் மரத் தளத்தின் வழியாக அது என் மண்டைக்குள் வந்துவிடும். தண்ணீர், தலையணை, ஜன்னலைச் சாத்து, ஜன்னலைத் திற. சில நாள் ஒன்றும் வேண்டியிருக்காது. நான் இருக்கிறேனா என்று பார்க்கத் தட்டுவார். "என்ன அத்தா?" என்று மூச்சு வாங்க நின்றால், "ஒண்ணுமில்ல, போ" என்பார். எனக்கு அப்போது வருகிற கோபத்தை ஒரு பையில் போட்டுக் கட்டினால் மாதம் ஒரு மூட்டை தேறும்.

பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவள் ஒருத்தி சென்னையில் வங்கியில் வேலை பார்த்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, பறவை பார்க்கிறேன், ஆடு பார்க்கிறேன் என்று கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு திரிகிறாள். போன ஐப்பசியில் அவள் பூங்காவின் ஓரத்தில் இருக்கும் வனக் குடிலில் இரண்டு ராத்திரி தங்க அனுமதி வாங்கிக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றாள்.

"ரெண்டு பேருக்கு வாங்கியிருக்கேன். நீ வர்றடீ" என்றாள்.

"அத்தாவை யார் பாக்கறது?"

"அதுக்கும் ஆள் பிடிச்சாச்சு."

அவள் பிடித்துக்கொடுத்த ஆள் பிக்கட்டிப் பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற ஒரு அக்கா. சின்ன வயதில் இலங்கையிலிருந்து குடும்பத்தோடு இங்கே வந்தவர். இப்போது வீடுகளில் தங்கி நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறார். அத்தாவுக்குப் பழகட்டும் என்று ஒரு வாரம் முன்னாலேயே அவரை வரவழைத்தேன். கைப்பக்குவமான மனுஷி. அத்தாவைப் புரட்டிப் படுக்கவைப்பதை அவரிடம்தான் நான் ஒழுங்காகப் பார்த்தேன். பேச்சுதான் எனக்கு அவ்வப்போது இடறியது. டீயை தேத்தண்ணி என்பார், ரொட்டியை பாண் என்பார், அத்தா படுத்திருக்கும் அறையை காம்பரா என்பார். வந்த இரண்டாம் நாள் காலையில், "ஐயா ராத்திரி என்னோட நல்லாக் கதைச்சாரு மகள்" என்றார். என் அத்தாவாவது கதை சொல்வதாவது என்று நான் திகைத்துப் போய், "என்ன கதை?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகுதான் தெரிந்தது, கதைத்தார் என்றால் பேசினார் என்று அர்த்தமாம். இரண்டு பேரும் சிரித்தோம். அத்தாகூட வாயின் ஒரு ஓரத்தால் சிரித்தார். எனக்கு அது கொஞ்சம் வலித்தது. என்னோடு அவர் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது.

கிளம்பும் காலையில் அவர் காட்டிய கூத்தைச் சொல்ல வேண்டும். முந்தின நாள் வரை ஒன்றும் சொல்லாதவர், நான் ஷூ மாட்டிக்கொண்டு போய் நின்றதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"போயிட்டு வர்றேன் அத்தா. ரெண்டு ராத்திரிதான்."

"காட்டுல என்ன கொட்டி வெச்சிருக்கு? வயசான காலத்துல ஆடு பாக்கப் போறாளாம் ஆடு. கசாப்புக் கடையில பாக்காத ஆடா?"

"நான் வேணா போகலை. விட்டுடறேன்."

"போறவ போ. ஆனா திரும்பி வந்து என் முகத்துல முழிக்காத."

"முழிக்கலை. நிம்மதியா இருங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். வழக்கமாகச் சொல்லும் சலாம்கூடச் சொல்லவில்லை. அந்த அக்கா படி வரைக்கும் வந்தார். பூங்காவின் கேட்டைத் தாண்டினால் போனில் டவர் கிடைக்காது என்பதால், கேட்டில் இருக்கும் போன் நம்பரை அவரிடம் கொடுத்திருந்தேன். அங்கே சொன்னால் வயர்லெஸ்ஸில் குடிலில் இருக்கும் வாட்சருக்குச் சொல்லிவிடுவார்கள்.

எமரால்டு வரைக்கும் எனக்குத் தெரிந்த உலகம்தான். கேரட் கழுவும் இடங்கள், தேயிலை, மூட்டை ஏற்றிக்கொண்டு மூச்சுத் திணறும் லாரிகள். கேட்டுக்கு அப்புறம் ரோடு சுருங்கி, கற்பூர மரங்களும் சீகை மரங்களும் இரண்டு பக்கமும் நெருங்கி வந்தன. அப்புறம் ஒரு திருப்பத்தில் மரமெல்லாம் நின்றுபோய், மலைமலையாகப் புல். புல்லைத் தவிர ஒன்றுமில்லை. மடிப்புகளில் மட்டும் கரும்பச்சையாகச் சோலைக்காடு ஒளிந்திருந்தது. என் தோழி ஜீப்பிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு "பாரு, பாரு" என்றாள். பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. இத்தனை வருஷம் இதைப் பார்க்காமலே இதற்கு வழி சொன்னோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

குடில் ஒரு சரிவில், தகரக் கூரையோடு, இரண்டு கட்டில், ஒரு அடுப்பு, கொஞ்சம் தள்ளித் தனியாக ஒரு கழிப்பறை. வாட்சர் நாற்பது வயதுக்காரர், படகர் வீட்டுப் பிள்ளை, என் கடையில் வாங்கியது போன்ற ஒரு சாயம் மங்கிய குல்லாய் போட்டிருந்தார். அன்று மத்தியானம் எங்களை நடக்கக் கூட்டிப்போனார். வரையாட்டின் புழுக்கை பார்த்தோம், புலி நகம் தீட்டிய மரம் பார்த்தோம், தூரத்தில் ஒரு கடமான் எங்களைப் பார்த்துவிட்டு வாலைத் தூக்கிக்கொண்டு போனது. ஆடு மட்டும் இல்லை. நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் தோழி உஷ் என்றாள். ஊரே என்னிடம் பேச வரும் கடையில் இருந்துவிட்டு, ஒரு மத்தியானம் முழுக்க உஷ் வாங்குவது எனக்குப் புதிது.

புல்லின்மேல் உட்கார்ந்து அவள் கொண்டுவந்த பிஸ்கட்டைத் தின்றபோது, யாரும் என்னைத் தட்டிக் கூப்பிடப் போவதில்லை என்று திடீரென்று தோன்றியது. தோள் இரண்டும் தானாகக் கீழே இறங்கின. ஆனால் அது அந்தப் பிஸ்கட் தீரும் வரைக்கும்தான். ராத்திரி காற்று கிளம்பியது. கூரைத் தகரத்தின் ஒரு ஓரம் ஆணி கழன்று அடித்துக்கொண்டது. டக், டக். "வர்றேன் அத்தா" என்று எழுந்து, இருட்டில் செருப்பைத் தேடினேன். இரண்டு தடவை அப்படி எழுந்தேன். உடம்பை மட்டும் இங்கே கொண்டுவந்திருக்கிறேன், காதை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன் என்று தெரிந்தது.

காலையில் கதவைத் திறந்தால் உலகம் இல்லை. வெள்ளையாக ஒன்று வாசல் வரைக்கும் வந்து நின்றது. ஊட்டியில் பிறந்தவளுக்கு மூடுபனி ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் அங்கே பனிக்குள் எப்போதும் ஒரு ஹார்ன் சத்தமாவது கேட்கும். இங்கே ஒன்றுமே கேட்கவில்லை. வாட்சர் சமையல்கட்டிலிருந்து வந்து செய்தி சொன்னார்.

"ஏனுங்கக்கா, ராத்திரிக் காத்துல ரோட்டுல சீகை மரமெல்லாம் விழுந்து கிடக்குதாமுங்க. அறுத்துட்டு இருக்காங்க. இன்னிக்கு எங்கயும் போக முடியாதுங்க. வெளியேயும் வராதீங்க, ஒத்தை நிக்குது."

ஒத்தை என்றால் கூட்டத்தை விட்டுத் தனியாகத் திரியும் காட்டெருமை. கழிப்பறைக்கும் குடிலுக்கும் நடுவில் நின்றிருந்தது. முதலில் எங்களுக்குத் தெரியவில்லை. பனி கொஞ்சம் அசைந்தபோது, சுவர் என்று நினைத்தது மூச்சு விட்டது. முழங்கால் வரை வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி கால்கள். தோழிக்கு ஆனந்தம் தாங்கவில்லை. எனக்குக் கழிப்பறை போக வேண்டியிருந்தது. வாட்சர் ஒரு வாளியைப் பின்கட்டில் வைத்தார். அதற்கு மேல் அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

கொஞ்ச நேரத்தில் வயர்லெஸ் கரகரத்தது. வாட்சர் அதை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் போனார். "ஆமாங்க, ஆமாங்க" என்றார். பிறகு "என்னங்க? மறுக்காச் சொல்லுங்க" என்றார். திரும்பி வந்தபோது குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அந்தக் குல்லாயைப் பார்த்ததுமே நான் கட்டிலிலிருந்து எழுந்துவிட்டேன்.

"அக்கா, கேட்டுல இருந்து பேசுனாங்க. உங்க ஊட்டுல இருந்து போன் வந்துச்சாமுங்க."

"என்னன்னு?"

அவர் தரையைப் பார்த்தார். "உங்கள ஆறுதலா வரச் சொன்னாங்களாமுங்க."

"ஆறுதலாவா?"

"அப்படித்தானுங்க சொன்னாங்க. ரெண்டு வாட்டி கேட்டேன். ஐயா ஐயான்னு என்னமோ சொல்ல வந்தாங்க, அதுக்குள்ள லைன் போயிருச்சுங்க."

தமிழில் ஆறுதல் என்ற சொல் நல்ல காரியத்துக்கு வருமா? எழவு வீட்டுக்குப் போனால் ஆறுதல் சொல்வோம். பறிகொடுத்தவளின் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதலாக நாலு வார்த்தை பேசுவோம். எங்கள் ஆட்களாக இருந்தால் மவுத்து என்று ஒரே சொல்லில் முடித்திருப்பார்கள். ஆனால் செய்தி அந்த அக்காவின் வாயிலிருந்து கேட்டில் இருப்பவரின் காதுக்கு, அங்கிருந்து இவருக்கு. காட்டுக்குள் மாட்டிக்கொண்டிருக்கும் பொம்பளையிடம் முகத்திலடித்த மாதிரி சொல்ல வேண்டாம், மனசைத் தேற்றிக்கொண்டு வரச் சொல்லுங்கள் என்று யாரோ பக்குவமாக மாற்றியிருக்கிறார்கள். ஐயா ஐயா என்றார்களாமே. எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. மவுத்துச் செய்தி கேட்டால் சொல்லும் இன்னா லில்லாஹியை என் வாய் தானாகச் சொன்னது. தோழி என்னைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கும் அந்தச் சொல் அப்படித்தான் கேட்டிருக்கிறது.

அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. எங்களில் மய்யித்தை வைத்துக்கொண்டு காத்திருக்க மாட்டார்கள். தம்பி காலையிலேயே கோயமுத்தூரிலிருந்து புறப்பட்டிருப்பான். லுஹருக்கு, அதாவது மத்தியானத் தொழுகைக்கு, முன்னால் குளிப்பாட்டிவிடுவார்கள். தொழுகை முடிந்ததும் எடுத்துவிடுவார்கள். பெண்கள் வாசலோடு சரி, கபர்ஸ்தானுக்குப் போக மாட்டோம். முகத்தை மூடிக் கட்டுவதற்கு முன்னால் வீட்டில் வைத்துக் காட்டுவார்கள், அந்தக் கொஞ்ச நேரம்தான் எங்களுக்கு. அதை விட்டால் விட்டதுதான். என் முகத்துல முழிக்காத என்று சொன்னாரே மனுஷன். சொன்னபடியே செய்துகொண்டாரா?

நான் ஷூவை மாட்டினேன்.

"அக்கா, போகக்கூடாதுங்க" என்றார் வாட்சர்.

"நான் நடந்தே போயிடறேன். மரத்துக்கு மேல ஏறித் தாண்டிக்கிறேன்."

"மரம் பரவால்லீங்க. ஒத்தை பாதையிலயே நிக்குது."

"நின்னா நிக்கட்டும்" என்று கதவைத் திறந்தேன். நாலு எட்டு வைத்திருப்பேன். பனி என்னை மூடியது. பின்னால் திரும்பினால் குடில் இல்லை. முன்னால் ஏதோ சீறியது, பிரஷர் குக்கர் மாதிரி. பிறகு தரையை ஒரு குளம்பு பிறாண்டியது. அது எந்தப் பக்கத்தில் என்று தெரியவில்லை, அதுதான் கொடுமை. நான் நின்ற இடத்தில் நின்றேன். அது இறங்கிப் போகட்டும், நான் போக வேண்டும், என் அத்தா முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அந்த மிருகத்திடம் மனசுக்குள் கெஞ்சினேன். அது கேட்கவில்லை. வாட்சர் பின்னாலிருந்து என் ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைத் தாழ் போட்டார்.

அதற்கப்புறம் அந்த அறை. ஒரு கட்டிலில் தோழி, ஒரு கட்டிலில் நான். வெளியே பனி, பனிக்குள் எருமை, அதற்கப்பால் மரம், அதற்கப்பால் என் வீடு. வாட்சர் பாவம், டீயில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கொண்டுவந்தார். தோழி பேச ஆரம்பித்தாள்.

"அவருக்கு ஒரு விடுதலைன்னு நினைச்சுக்கோடீ. உனக்கும்தான். எத்தனை வருஷமா..."

"வாயை மூடு" என்றேன்.

"நான் நல்லதுக்குத்தான்..."

"உன்னாலதான் நான் இங்க இருக்கேன். ஆடு, ஆடுன்னு. இப்ப பாரு உன் ஆட்டை."

அவள் அழுதாள். எனக்கு அப்போதும் கோபம்தான். அவள்மேல், தம்பிமேல், அவன் எதற்குமே யாருக்காகவும் காத்திருந்ததில்லை. கட்டிலிலிருந்து எழுந்து ஜன்னலுக்குப் போனேன், ஜன்னலிலிருந்து கட்டிலுக்கு வந்தேன். மாடிக்கும் கடைக்கும் நடந்த அதே நடை. கூரைத் தகரம் தட்டியது. ஒவ்வொரு தட்டலுக்கும் எழுந்து போக வேண்டும் போலக் கால் துடித்தது, போக இடமில்லை. இத்தனை வருஷம் அந்தச் சத்தம் நிற்காதா என்று நினைத்தவள், இன்னொரு தடவை அந்தக் கம்பியில் மோதிரம் படாதா என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த அறையில் எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

லுஹர் நேரம் ஆகியிருக்கும் என்று தோன்றியது. பனியில் சூரியன் எங்கே என்றே தெரியவில்லை. வாட்சரிடம் மேற்கு எந்தப் பக்கம் என்று கேட்டேன். அவர் தயங்கிவிட்டு ஒத்தை நிற்கும் பக்கமாகக் கையைக் காட்டினார். கம்பளியை விரித்து அந்தப் பக்கமே பார்த்துத் தொழுதேன். நெற்றியைத் தரையில் வைத்தபோது, ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அது மூச்சு விடும் சத்தம் கேட்டது. படைத்தவனிடம் கேட்க ஒன்றுதான் இருந்தது. என்னைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வரைக்கும் அவர்களைக் கொஞ்சம் நிறுத்தி வை. மன்னிப்பெல்லாம் அப்புறம் கேட்டுக்கொள்கிறேன்.

சாயங்காலம் ஆகப்போகும் நேரத்தில் பனி, யாரோ போர்வையை உருவின மாதிரி ஒரேயடியாகப் போய்விட்டது. எருமை இல்லை. எதிர்மலை முழுக்க வெயில். வாட்சர் "இப்ப கிளம்புங்க" என்றார். பைகளை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக ரோட்டுக்கு இறங்கினோம். பாதி வழியில் தோழி என் கையைப் பிடித்தாள்.

"அங்க. பாறை மேல. குட்டியோட நிக்குது."

நான் தலையைத் தூக்கவில்லை. அவளும் பைனாகுலரைக் கண்ணில் வைக்கவில்லை. அதற்காகவே சென்னையிலிருந்து வந்தவள், அதை வெறும் கண்ணால் ஒரு நொடி பார்த்துவிட்டு என்னோடு நடந்தாள். அந்த ஒன்றுக்காக அவள் பேசினதையெல்லாம் மன்னித்துவிட்டேன், அவளிடம் சொல்லத்தான் இல்லை.

விழுந்த மரங்களில் கடைசி ஒன்றை ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தார்கள். அதன் கிளைகளுக்குள் புகுந்து அந்தப் பக்கம் போனோம், அங்கே ஜீப் கிடைத்தது. கேட்டில் காலையில் பேசியவரின் வேலை நேரம் முடிந்து வேறொருவர் இருந்தார், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. டவர் வந்த இடத்தில் பார்த்தால் என் போன் குளிரில் செத்துக் கிடந்தது. தோழியின் போனில் அழைக்கலாம் என்றால், அந்த அக்காவை யார் மூலமாகவோ பிடித்தவளிடம் அவர் நம்பர் இல்லை, எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் ஒன்றே ஒன்று, கடை நம்பர். அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. கடையைப் பூட்டிவிட்டார்கள், மய்யித்து வீட்டுக் கடை பூட்டித்தானே இருக்கும் என்று நினைத்தேன். பூட்டிச் சாவியை என் பைக்குள் வைத்திருப்பவளே நான்தான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

பஜாரில் இறங்கும்போது பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கள் படிக்கட்டில் செருப்பு இல்லை. இழவு விழுந்த வீட்டில் படி முழுக்கச் செருப்பு குவிந்து கிடக்கும். இல்லை என்றால் எல்லாம் முடிந்து, எல்லோரும் வந்து போய்விட்டார்கள் என்று அர்த்தம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். பாதிப் படியில் வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது.

நின்றுவிட்டேன். மவுத்தான வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டோம், அக்கம்பக்கத்திலிருந்துதான் சாப்பாடு வரும்.

அந்த அக்கா கரண்டியோடு எட்டிப் பார்த்தார். என் தலையில் சீகை இலை, கால் முழுக்கச் சேறு.

"என்ன மகள் இது? ஆறுதலா வரச் சொன்னேனே. ஏன் இப்படி ஓடி வாறீங்க?"

கைப்பிடியை விடாமலே கேட்டேன். "ஆறுதலான்னா?"

"ஆறுதலான்னா ஆறுதலாத்தான். பைய. அவசரப்படாம. ரோட்டுல மரம் விழுந்து கிடக்குன்னு டிவியில காட்டினாங்க. ஐயாதான் போன் போடச் சொன்னாரு. அவ பதறியடிச்சுக்கிட்டு வருவா, மெதுவா வரச் சொல்லு, போனது போனா, நல்லாப் பாத்துட்டே வரட்டும்னாரு. அதைத்தான் சொன்னேன். ஐயா நல்லா இருக்காருன்னும் சொன்னேனே. ஏன் மகள், நான் ஏதும் பிழையாச் சொல்லிட்டேனா?"

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். தோழி பின்னால் சிரிக்க ஆரம்பித்தாள், நிறுத்த முடியாமல் சிரித்து, சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாள். நான் அந்த அக்காவைத் திட்டினேன், கேட்டுக்காரரைத் திட்டினேன், வயர்லெஸ்ஸைத் திட்டினேன். பாவம், அவர் கரண்டியைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் புரியாமல் நின்றார். என் அத்தா எனக்கு இத்தனை வருஷத்தில் சொல்லியனுப்பிய ஒரே நல்ல வார்த்தை, அவருடைய மவுத்தாக என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

அறைக்குப் போனேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்க இடமில்லை. ஒருக்களித்து நுழைந்து, சுவரோடு ஒட்டிக்கொண்டு அவர் முகத்துக்கு நேராக நின்றேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"முகத்துல முழிக்காதன்னேன்ல."

"நான் எங்க முழிச்சேன்? நீங்கதான் கண்ணை மூடியிருக்கீங்களே."

உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. இரண்டு நாள் சவரம் செய்யாத நரைத்த தாடி, மூக்கின் பக்கத்து மரு, இடது புருவத்தில் சின்ன வயதுத் தழும்பு. எல்லாவற்றையும் பார்த்தேன். அவர் கண்ணைத் திறக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"ஆடு பாத்தியா?"

"இல்ல."

"அப்புறம் என்னத்துக்குப் போன? ரெண்டு ராத்திரின்னு சொல்லிட்டு இன்னிக்கே வந்து நிக்கிற."

நடந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. அந்த அக்காவிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு இன்னா லில்லாஹி சொல்லித் தொழுதுவிட்டு வந்தேன் என்று தெரிந்தால், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தே என்னைக் கொன்றுவிடுவார்.

கணுக்காலில் ஒரு அட்டை உப்பிப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது. சமையலறையில் உட்கார்ந்து உப்பு வைத்து அதை எடுத்துக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. டக், டக்.

"வர்றேன் அத்தா" என்று கத்தினேன், எப்போதும் கத்துகிற அதே எரிச்சலோடு. ஒரு கையில் உப்பு, காலில் ரத்தம்.

தட்டல் நின்றது. கட்டிலோடு கிடந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட எனக்குக் குரல் கொடுக்காதவர், உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். ஒரு வாரம் அந்த அக்காவோடு கதைத்துக் கதைத்து, அவர் பேச்சு இவருக்கும் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

"ஒண்ணுமில்ல. ஆறுதலா வா" என்றார்.

நான் ஓடித்தான் போனேன்.